அரிவாக்குளத்தில் விழுந்த வீடுகளும் நாம் படிக்காத கட்டட விதியும்

2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை காலை. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடி ஒன்று, 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. 1993-இல் கட்டிய கட்டடம் அது. வயது 28. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ப்பலி இல்லை. வீட்டுச் சாமான்கள் மண்ணோடு போயின. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது.

அதன் பிறகு நிவாரணத்தைப் பற்றிப் பேசினோம், மாற்று வீட்டைப் பற்றிப் பேசினோம். கட்டட விதியைப் பற்றி மட்டும் நாம் பேசவில்லை. "அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம்" என்று விட்டுவிட்டோம். அப்படி விட்டது நம் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாம் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் மக்களுக்கு விதி என்பது கதவில் ஒட்டிய நோட்டீஸாகத்தான் அறிமுகம். "அனுமதி இல்லை, ஆக்கிரமிப்பு, காலி செய்" என்று சொல்லும் காகிதம் அது. ஆனால் அதே விதிப் புத்தகத்தில், வீடு கட்டித் தருகிறவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலைகளும் எழுதியிருக்கின்றன. அந்தப் பக்கங்களை யாரும் நமக்குப் படித்துக் காட்டியதில்லை.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஒரே அறை உள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 102 சதுர அடி. அகலம் 2.4 மீட்டராவது வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம்மூர் போன்ற இடங்களில் ஜன்னல் திறப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் யாரோ போடும் பிச்சை இல்லை, எழுதி வைத்த அளவு.

இரண்டாவது கான்கிரீட். இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456. கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டை அது 'கடுமையான சூழல்' என்ற வகையில் வைக்கிறது. அங்கே குறைந்தது எம்30 கலவை போட வேண்டும். கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் விட வேண்டும். கடலோரம் அல்லாத சாதாரணச் சூழலுக்கு எம்20-யும் 20 மில்லிமீட்டரும் போதும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி உப்பும், காரை பெயரும், தளம் தொங்கும். வாரியக் குடியிருப்புகளின் படிக்கட்டுக்கு அடியில் அண்ணாந்து பார்த்தால் இந்தப் பாடம் கண்ணுக்கே தெரியும்.

பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்லலாம். அதே 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் புதிதாகக் கட்டிய வாரியக் குடியிருப்பில், கையால் தேய்த்தாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அந்தச் சுவரை வயது ஒன்றும் உதிர்க்கவில்லை. குடியிருக்கப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துதான் வேலையின் தரம் முடிவாகிறது என்கிறோம். ஊருக்கு ஒரு அளவு, சேரிக்கு ஒரு அளவு என்பது சிமெண்டுக் கலவைக்குள்ளும் வந்துவிட்டது.

இது நம் ஊரோடு நிற்கும் கதையும் இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான குடியிருப்பு அது. ஆபத்து இருக்கிறது என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை.

சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் கதை வேறு. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்திலேயே உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான். ஆனால் அந்த வாசலில் நிற்கவே மனைக்கு ஆவணம் வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தும் பட்டா இல்லாத குடும்பத்துக்கு அந்த இணையதளம் திறக்காது. அனுமதி இல்லாததால் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாததால் கந்துவட்டி. கந்துவட்டிப் பணத்தில் மேஸ்திரியிடம் எம்30 கேட்க முடியுமா? விதியை மீறுகிறவர்கள் என்று நம்மைச் சொல்வதற்கு முன், விதிக்குள் நுழைய வழி விட்டார்களா என்று கேட்க வேண்டும். 2007 ஜூலை 1-க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டடங்களை முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்று ஒரு பிரிவையே சேர்த்தவர்கள் இவர்கள்.

"விதியைக் கையில் எடுத்தால் அதை வைத்தே நம் வீட்டை இடிப்பார்களே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். நாம் படிக்காமல் இருந்தபோதும் இடிக்கத்தான் செய்தார்கள். அதனால் முதலில் அரசு கட்டிய வீடுகளிலிருந்து தொடங்குவோம். அங்கே விதியைப் பின்பற்ற வேண்டியது அரசு, குடியிருப்பவர்கள் அல்ல.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(ஜே)-ஐ எடுத்துப் படியுங்கள். காகிதம் கேட்பது மட்டுமல்ல, வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் பகுதியில் வாரியம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். என்ன கிரேடு கான்கிரீட், 28-ஆம் நாள் க்யூப் சோதனை முடிவு என்ன, கவர் எவ்வளவு, எந்தத் தண்ணீரில் கலக்கிறார்கள் என்று நான்கு கேள்விகள் எழுதுங்கள். கொத்தனாராகவும் சித்தாளாகவும் வேலை செய்யும் நம் வீட்டுப் பெரியவர்களை உடன் அழைத்துப் போங்கள். கலவை சரியில்லை என்பதை நம்மை விட முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்.

அரிவாக்குளத்தில் விரிசலைப் பார்த்ததும் மக்களே ஓடித் தப்பினார்கள். அடுத்த கட்டடத்தில் விரிசல் விடும்வரை காத்திருக்காமல், தளம் போடும் நாளிலேயே நாம் அங்கே நிற்க வேண்டும்.