அது எந்தப் படம் அண்ணாச்சி?

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சென்னையில நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலம் கோவில்பட்டியில இறங்கி, பஸ் பிடிச்சு இளையரசனேந்தல் வந்தா, தெருவே சீரியல் லைட்டும் ரேடியோ செட்டுமா களைகட்டிக் கிடந்துச்சு.

ராத்திரி நையாண்டி மேளம். ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தாளம். வழக்கம்போல சினிமாப் பாட்டாவே போய்க்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மணி வாக்குல, கூட்டம் பாதி கலைஞ்சப்புறம் நாதஸ்வரக்காரர் ஒண்ணு வாசிச்சார் பாருங்க... எங்கயும் கேட்ட மாதிரியே இல்ல. தூக்கம் போயே போச்சு.

காலையில டீக்கடையில அவரைப் பிடிச்சேன். "அது எந்தப் படம் அண்ணாச்சி?"

"படமா? அது நாங்களே கட்டுனது தம்பி. ஆளுக சினிமாப் பாட்டுதான் கேப்பாங்க. அதான் கூட்டம் போனப்புறம் வாசிக்கிறது."

அவர் சிரிச்சுக்கிட்டுதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கல.

கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்துடுவோம். என் கூட வேலை பாக்குற நண்பன் ஒருத்தன் ப்ளூகிராஸ் பைத்தியம். பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிட்டார்னு வாசிக்கிற அமெரிக்கக் கிராமத்து இசை அது. அந்த பாஞ்சோவே ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளா கொண்டுபோகப்பட்டவங்க மூலமா அங்க வந்த வாத்தியம். கென்டக்கிக்காரர் பில் மன்றோ 1939ல ப்ளூ கிராஸ் பாய்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சார். அந்தக் குழு பேர்தான் இசைக்கே பேராயிடுச்சு. இன்னைக்குப் 'பாரம்பரியம்'னு சொல்றாங்களே, அதை அவங்க வாசிச்சப்ப அது புத்தம்புது சரக்கு!

இந்த இசைக்கு 1989ல இருந்து கிராமி விருதுல தனிப் பிரிவு இருக்கு. 2021ல பில்லி ஸ்ட்ரிங்ஸோட 'ஹோம்', 2023ல மாலி டட்டில் குழுவோட 'க்ரூக்கட் ட்ரீ'ன்னு இளவட்டங்களோட ஆல்பங்கள் ஜெயிச்சிருக்கு. இதுபோக ப்ளூகிராஸ்காரங்களே ஒரு சங்கம் வச்சு வருஷாவருஷம் சிறந்த பாட்டு, சிறந்த ஆல்பம், புதுக் கலைஞர்னு விருது குடுக்கறாங்க. அதாவது பழைய இசையில இந்த வருஷம் புதுசா என்ன பண்ணினேன்னு கேக்கறாங்க.

நாம என்ன கேக்கறோம்? வயசு! நிஜமாத்தாங்க. நம்ம மாவட்டக் கலை மன்ற விருதுகளைப் பாருங்க. 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 35 வரைக்கும் கலை வளர்மணி, 50 வரைக்கும் கலைச் சுடர்மணி, 65 வரைக்கும் கலை நன்மணி, அதுக்கு மேல கலை முதுமணி. கலைமாமணியும் ஆளுக்குத்தான், பாட்டுக்கு இல்ல. 2025ல பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எனக்கும் சந்தோஷம்தான். வாழ்நாள் உழைப்பைக் கும்பிடத்தான் வேணும். ஆனா அது மட்டுமே போதுமா? அண்ணாச்சி கட்டுன பாட்டுக்கு எந்த வரிசையில இடம்?

"நாட்டுப்புறப் பாட்டுன்னா ஊர்ச்சொத்து, கட்டுனவன் பேர் எதுக்கு?"ன்னு சிலர் கேப்பீங்க. எந்தப் பாட்டும் மழையில முளைக்கல. யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு ராத்திரி, உக்காந்து கட்டுனதுதான். பேரை எழுதி வைக்க ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். நடவுக்காரிகள், பறையடிச்சவங்க பேரையெல்லாம் யார் மதிச்சு எழுதினா?

நம்ம பக்கம் பாதை போடாமலும் இல்ல. 2018 ஜனவரி 6ம் தேதி கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறுச்சு. கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் சேர்ந்து, சொந்தப் பாட்டா பாடுனாங்க. ஜனங்க கேட்டாங்களா இல்லையா? அங்க இருந்து வந்த அறிவு, 'எஞ்சாயி எஞ்சாமி'யை 2021ல உலகமே பாடினப்புறமும், அந்த ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில இல்ல. சத்தம் எழுந்தப்புறம்தான் அவருக்குத் தனியா ஒரு அட்டை வந்துச்சு. பேர் தெரிஞ்சவருக்கே இந்தக் கதின்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு வாசிக்கிற அண்ணாச்சிக்கு?

நான் கேக்கறது ரொம்பப் பெருசில்ல. மாவட்ட விருதுல 'இந்த வருஷத்துப் புது உருப்படி'ன்னு ஒண்ணைச் சேருங்க. கட்டுனவங்க எல்லார் பேரையும் எழுதுங்க, தவில்காரர் பேர் உட்பட. விழாக் கமிட்டி ஆளுங்க மேளக்காரங்களுக்குக் கூட்டம் இருக்கும்போதே ஒரு அரை மணி நேரம் விடுங்க, அவங்க சொந்தச் சரக்கை வாசிக்கட்டும்.

மக்களே, அடுத்த தடவை ஊர்ல மேளம் கேட்டா, வீடியோ எடுக்கறதோட நிறுத்தாம, யார் கட்டுனதுன்னு கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்க.

டிஸ்கி: அன்னைக்கு அந்தப் பாட்டை நான் பதிவு பண்ணல. போன்ல சார்ஜ் இல்ல. ஊருக்கு உபதேசம் பண்றவன் லட்சணம் இதுதான் :-(
அண்ணாச்சி மகன் நாதஸ்வரம் கத்துக்கல, திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாராம். அடுத்த பங்குனிக்குள்ள போயாகணும்.