கேட்டுவிட்டுப் போகிறவர்களே!

ஊருக்குத் திரும்பும் கடைசி வாரம் வந்துவிட்டால், நீங்கள் அனுப்பும் தன்னார்வலர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். அதுவரை கண்ணில் படாத சாமைக் கொல்லை திடீரென்று அழகாகிவிடும். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு படம், பச்சை குத்திய கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். பரிசல் ஏற ஒகேனக்கல்லுக்கு ஒரு நாள், சேலை எடுக்கத் தருமபுரிக்கு ஒரு நாள். ராத்திரியெல்லாம் லேப்டாப் முன்னால் அறிக்கை. இப்போது இருக்கிறவளும் துணிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துப்போவது ஒரு பக்கம், எங்களுக்குக் கொடுப்பது ஒரு பக்கம். "இத நீங்க வெச்சுக்கோங்க அக்கா" என்கிறாள். நல்ல பெண். களி தின்னப் பழகினாள், குழந்தைகளோடு குழந்தையாக இருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடல் தாண்டி அவளை இங்கே அனுப்பி, இங்கே வரவேற்றுக் கூட்டிவந்து, முடிந்ததும் ஏற்றி அனுப்புகிறீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.

நான் சித்தேரி மலையில் ஆஷா, அதாவது ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வேலை பார்ப்பவள். அரூர் போய்ப் படித்ததால் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அந்த இங்கிலீஷ்தான் எனக்கு வினையாகப் போயிற்று. உங்கள் ஆட்கள் யார் வந்தாலும் நான் கூட நடக்க வேண்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் நாய் கடிக்கும், யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைத் தின்னாமல் கூரையில் செருகி வைக்கிறார், எல்லாம் நான் சொல்ல வேண்டும். கூலி கேட்டால், "உனக்கும் இது ஒரு பயிற்சிதானேம்மா" என்கிறீர்கள். அவளுடைய விமான டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது. என் நடைக்கு மட்டும் இல்லை.

காசை விடுங்கள். நெஞ்சை அறுப்பது வேறு.

எங்கள் ஊரில் ஒருத்தி இருக்கிறாள். பிரசவ வலி எடுத்து, துணியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து, அங்கேயே போய்விட்டது. உங்கள் ஆட்கள் புதிதாக வரும்போதெல்லாம் அவளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது? யார் கூட இருந்தார்கள்? குழந்தை அழுததா? எவ்வளவு நேரம் அழுதது? இந்தக் கேள்விகளை அவள் முகத்துக்கு நேராக நான் தமிழில் கேட்கிறேன். அவள் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்கிறேன். "குழந்தை அழுதது, அப்புறம் அழவில்லை" என்று என் வாய் சொல்கிறது. உங்கள் பிள்ளை குனிந்து எழுதிக்கொள்கிறாள். சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் உண்டு. அடுத்த கூட்டம் வரும். பழைய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. மறுபடியும் அதே திண்ணை, அதே கேள்வி.

போன தடவை அவள் என்னைக் கேட்டாள்: "இத எத்தன பேருகிட்ட சொன்னா ரோடு போடுவாங்க அக்கா?" உங்கள் பிள்ளை, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அது எங்கள் திட்டத்தில் வராது" என்று பதில் வந்தது. அதையும் நான்தான் அவளிடம் தமிழில் சொன்னேன்.

தெரியாததையா கேட்கிறீர்கள்? பென்னாகரம் பக்கம் அலக்கட்டு மலையில் 2023-இல் பாம்பு கடித்த ஒரு சிறுமியைத் தூளியில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது வழியிலேயே உயிர் போனதை நாடே படித்தது. அதன் பக்கத்தில் இருக்கும் கோட்டூர் மலைக்குத் தேர்தல்களில் ஓட்டு மெஷின் கழுதை முதுகில்தான் ஏறியிருக்கிறது. ஓட்டுக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்கு உயிருக்கு வழி தெரியவில்லை. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

சொல்வதற்கு நாங்கள் பயந்தவர்கள் இல்லை. எங்கள் சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். அந்தப் பெண்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், கோர்ட்டில் நின்று சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரியில் தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம் ஆனாலும் அவர்கள் சொன்ன சொல் ஒரு கதவைத் திறந்தது. எங்கள் ஊர்க்காரி உங்களிடம் சொன்ன சொல் எந்தக் கதவைத் திறந்தது? இன்னொரு பிள்ளை கடல் தாண்டி வருவதற்குப் பணம் திரட்டும் படத்தில் அவள் முகம் இருக்கிறது. அவ்வளவுதானே?

என்னையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் ஆஷா திட்டம் வந்த நாளிலிருந்தே நாங்களும் ஏட்டில் தன்னார்வலர்கள்தான். சம்பளம் இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கும் சேர்த்து விருது கொடுத்தது. கைதட்டினார்கள், சந்தோஷம். ஆனால் உங்கள் பிள்ளைக்கும் எனக்கும் தன்னார்வலர் என்று ஒரே பெயர் வைத்தவர்கள் ஒரு வித்தியாசத்தை யோசிக்கவில்லை. அவளுக்குத் திரும்பிப் போக ஒரு தேதி இருக்கிறது. ஊருக்குப் போனால் இந்த ஆறு மாதமும் அவளுக்கு ஒரு தகுதி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே போகும். நான் அதே மலை, அதே பை. அவள் அறிக்கையில் நான் "உள்ளூர் உதவியாளர்". பெயர்கூட இல்லை.

பி.பி. பார்க்கும் மெஷினும் அவளோடு கீழே இறங்குகிறது. அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் நோட்டுகளை என்னிடம் தள்ளிவிட்டு, "பொறுப்பை ஒப்படைத்துவிட்டோம்" என்று கையெழுத்து வாங்குகிறீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை பி.பி. பார்க்க வாசலில் வந்து நிற்கும் கிழவிக்கு நான் என்ன பதில் சொல்வது?

எல்லாரும் இங்கேயே கிடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் செய்யத் தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கிக்கு 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் வந்தபோது, அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது தாண்டவில்லை. குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது. வெளியிலிருந்து வந்தவர் கையில் இருந்த வேலை ஊர்க்காரி கைக்கு வந்ததால்தான் அது நிலைத்தது. உங்கள் திட்டத்தில் எங்கள் கைக்கு வந்தது என்ன? அட்டைப்பெட்டி.

இனிமேல் என் கணக்கு இதுதான். என் நடைக்கும் என் வாய்க்கும் கூலி வேண்டும். அறிக்கையில் என் பெயர் வேண்டும். நோட்டு தமிழில் இருக்க வேண்டும். மெஷின் மலையிலேயே இருக்க வேண்டும். எடுத்துப்போன கதையை வைத்து என்ன செய்தீர்கள் என்று திரும்பி வந்து ஊர் நடுவில் நின்று சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் சம்மதமில்லை என்றால் அடுத்த ஆளையும் தாராளமாக அனுப்புங்கள். தங்க இடம் காட்டுகிறேன், சோறும் போடுகிறேன். ஆனால் அந்தத் தாயின் வீட்டுக்கு நான் கூட வர மாட்டேன். அவள் பிள்ளை எவ்வளவு நேரம் அழுதது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், தமிழ் படித்துக்கொண்டு வந்து, நீங்களே அவளிடம் கேளுங்கள்.