எடைமேடைக்கு முத்திரை உண்டு, டிரைவருக்கு?

செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் (வரி இல்லீங்க, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. லாரி இருந்தால் எடைமேடை இருக்கும். எடைமேடை இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், கிர்ர் என்று சத்தம் போடும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இந்த மாதிரிக் கம்ப்யூட்டர்களில் சில சமயம் திரையின் வலது கீழ் மூலையில் மூன்று வரி தெரியும்: டெஸ்ட் மோட், விண்டோஸ் 7, பில்ட் 7601.

பார்க்கிறவர்கள் ஏதோ டிரையல் வெர்ஷன் போல என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். உண்மையில் யாரோ ஒரு சர்வீஸ் ஆள் அந்தக் கம்ப்யூட்டரின் உள்வாசல் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அந்த மூன்று வரிக்கு அர்த்தம். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பல சமயம் அவருக்கு வேறு வழியே வைக்கப்படவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

கொஞ்சம் அடிப்படை. கம்ப்யூட்டரில் பிரிண்டர், ஸ்கேனர், எடைக்கருவியின் கார்டு என்று எதைச் சொருகினாலும் அதோடு பேச ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். இவற்றில் பல இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே, அதாவது கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்யும். அங்கே போன ஆளைத் தடுக்க ஆன்டிவைரஸுக்கும் முடியாது. அதனால், உள்ளே வரும் டிரைவர் யாருடையது, எழுதியவர் கையை விட்டு வந்தபின் யாராவது அதில் கை வைத்தார்களா என்று பார்க்க ஒரு டிஜிட்டல் கையெழுத்து கேட்கப்படுகிறது. அந்தக் கையெழுத்தைப் போடும் உரிமைச் சீட்டுதான் கோட் சைனிங் சர்டிபிகேட்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எடைமேடைக்கே ஒரு முத்திரை உண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி அதிகாரி வந்து சோதித்து முத்திரை போட்டால்தான் அந்த எடை செல்லும். வருஷா வருஷம் மறுமுத்திரை. டிரைவர் கையெழுத்தும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம், அதைப் பிறகு பார்ப்போம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கையெழுத்து இல்லாத டிரைவரைப் போட்டால் மஞ்சள் முக்கோணத்தோடு ஓர் எச்சரிக்கை வரும். 'பரவாயில்லை, தொடரு' என்று ஒரு பட்டனும் கூடவே இருக்கும். உலகமே அந்தப் பட்டனை அழுத்திப் பழகியது. 2007-இல் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டனைப் பிடுங்கியது. கையெழுத்து இல்லையென்றால் கெர்னலுக்குள் இடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் கையெழுத்து வாங்குவது அப்போது ரொம்பக் கஷ்டமாகவும் இல்லை. வெரிசைன், குளோபல்சைன், டிஜிசெர்ட் மாதிரி சில நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் 'கிராஸ் சர்டிபிகேட்' என்று ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தது. அவர்களில் ஒருவரிடம் சர்டிபிகேட் வாங்கி, டிரைவர் எழுதியவர் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டிடம் எதையும் அனுப்ப வேண்டியதில்லை. (அந்தக் கிராஸ் சர்டிபிகேட் பட்டியலில் இந்திய நிறுவனம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கதை தனி, பின்னால் வருகிறது.)

பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். எஸ்எச்ஏ-1 என்ற பழைய கணக்கு முறை பலவீனமாகிவிட்டது என்று 2016 ஜனவரி முதல் சான்றளிப்பு நிறுவனங்கள் எஸ்எச்ஏ-2-க்கு மாறின. நல்ல முடிவுதான். ஆனால் விண்டோஸ் 7 பிறந்தபோது அதன் கெர்னலுக்கு எஸ்எச்ஏ-2 படிக்கத் தெரியாது. அதற்கு 2015 மார்ச்சில் ஓர் அப்டேட் வந்தது. அதே 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி செக்யூர் பூட் போட்டிருக்கும் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டே கையெழுத்திட்ட புது டிரைவர்தான் ஓடும் என்று ஆனது. 2021-இல் கிராஸ் சர்டிபிகேட்கள் காலாவதியாகின, புதுப்பிக்கவில்லை. கெர்னல் டிரைவருக்குக் கையெழுத்துப் போடும் ஒரே கை அதோடு மைக்ரோசாஃப்டின் கைதான்.

அந்தக் கையை அணுகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு 'ஈவி' என்ற உயர்வகை சர்டிபிகேட் வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும், தனிநபருக்குக் கிடையாது, முறையாகப் பதிவான நிறுவனம் வேண்டும். இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் சுலபமான கையெழுத்து விண்டோஸ் 10-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும்தான் செல்லும். விண்டோஸ் 7-க்கு வேண்டுமென்றால் தனி சர்வர், தனிச் சோதனைக் கம்ப்யூட்டர் எல்லாம் வைத்து முழுச் சோதனை நடத்தி முடிவுகளை அனுப்ப வேண்டும். விண்டோஸ் 7-இன் ஆதரவோ 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடிந்தது. பணம் கட்டி நீட்டித்த கம்பெனிகளுக்கும் 2023 ஜனவரியோடு சரி. செத்தவர் பெயரில் ரேஷன் கார்டு வாங்குகிற மாதிரி.

இங்கே இரண்டு விதமான சிக்கலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிப் பேர் பூட்டைக் கழற்றுகிறார்கள்.

முதலாவது, கையெழுத்து இருக்கிறது, கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை. நம்மூரில் கம்ப்யூட்டர் மெதுவானால் உடனே ஃபார்மட். பழைய டிவிடியிலிருந்து விண்டோஸ் 7 ஏறும், அப்டேட் எதுவும் ஏறாது. அதன்பின் புது டிரைவர் போட்டால் டிவைஸ் மேனேஜரில் 'கோட் 52' என்று வரும், டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று. இதற்கு மருந்து பூட்டைக் கழற்றுவது கிடையாது. சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்த்து, மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாகிலிருந்து கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டையும் இறக்கிப் போட்டால் கம்ப்யூட்டருக்கு எஸ்எச்ஏ-2 படிக்க வந்துவிடும். அரை மணி நேர வேலை.

இரண்டாவதுதான் உண்மையான சிக்கல். கையெழுத்தே கிடையாது, வாங்கவும் வழியில்லை. பழைய பெரிய கம்பெனி டிரைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கையெழுத்தோடு நேர முத்திரையும் இருப்பதால் சர்டிபிகேட் காலாவதியானாலும் அவை ஓடும். மாட்டிக்கொள்வது சின்ன ஆள். பத்து வருஷத்துக்கு முன் விற்ற கருவிக்கு இன்று ஒரு பிழையைத் திருத்தி டிரைவர் தர நினைத்தால், திருத்திய கோப்பில் பழைய கையெழுத்து செல்லாது. புதுக் கையெழுத்துக்கு மேலே சொன்ன மலையை ஏற வேண்டும். அவர் என்ன செய்வார்? போனில் கூப்பிட்டு, "சார், ஸ்டார்ட் ஆகும்போது எஃப்8 அழுத்துங்க, கடைசிக்கு முந்தின ஆப்ஷன் செலக்ட் பண்ணுங்க" என்பார். அது அடுத்த முறை ஆன் செய்யும்போது போய்விடும். தினமும் எஃப்8 அழுத்த யாருக்குப் பொறுமை? டெஸ்ட் மோட் நிரந்தரமாகிவிடும்.

இந்தப் பக்கம் மாமல்லபுரம் வரைக்கும் வந்தாலும் இதே கதையின் இன்னொரு கிளை. கல்லில் எழுத்தும் பூவேலையும் வெட்டும் சிஎன்சி ரூட்டர் வைத்திருக்கும் பட்டறை எதுவானாலும் மாக்3 என்ற மென்பொருளின் பெயர் தெரிந்திருக்கும். அதன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதனால் அந்த ரூட்டருக்காகவே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவார்கள். மதர்போர்டு போனால் அதே காலத்து மதர்போர்டு தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓட்டம்.

மைக்ரோசாஃப்ட் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் ஈரானின் யுரேனியம் ஆலைக்காகச் செய்யப்பட்டது. அதன் டிரைவர்களில் இருந்தது தைவானைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு நிஜ கம்பெனிகளின் நிஜக் கையெழுத்து. சாவி திருடப்பட்டிருந்தது. சிமான்டெக் போட்ட கணக்கில் அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகள் ஈரான், இந்தோனேசியா, அடுத்து இந்தியா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் இது தூரத்துச் செய்தியாகத் தெரியாது. சாவியைக் கண்டபடி கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று ரெட்மண்டில் யோசித்திருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. 2023 ஜூன் முதல் கோட் சைனிங் சாவியைக் கம்ப்யூட்டரில் கோப்பாக வைக்கக் கூடாது, பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி வந்ததும் இந்தப் பயத்தால்தான். (இதில் நம்மூர் டிஎஸ்சி டோக்கன் பல வருஷம் முந்திக்கொண்டது, கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

காலரை உடனே இறக்கவும் வேண்டியிருக்கிறது. 2014 ஜூலையில் கூகுளின் தளங்கள் பெயரில் போலிச் சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. கொடுத்தது யார்? நம் தேசிய தகவல் மையமான என்ஐசி-யின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருப்பது இந்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர், அந்த வேர்ச் சான்றிதழை விண்டோஸ் நம்பியிருந்தது. கட்டுப்பாட்டாளர் என்ஐசி-யின் சான்றிதழ்களை ரத்து செய்தார், மைக்ரோசாஃப்டும் அவசரமாக அவற்றை நம்பாதவை பட்டியலில் போட்டது. அந்த கிராஸ் சர்டிபிகேட் பட்டியலில் நம் பெயர் இல்லையே என்று கோபப்படும் முன் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் கதவைச் சாத்தியதால் திருடன் நின்றானா என்றால், இல்லை. 2021 ஜூனில் நெட்ஃபில்டர் என்ற தீய டிரைவர் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கையெழுத்தோடே வெளியே வந்தது. 2015 ஜூலை 29-க்கு முன் வழங்கிய சர்டிபிகேட்டுக்கு ஒரு விதிவிலக்கு விட்டு வைத்திருந்தார்கள். கசிந்த பழைய சர்டிபிகேட்டை வைத்து, கையெழுத்துத் தேதியைப் பின்தேதியிட்டு அந்தச் சந்தில் நுழைந்தார்கள். 2023 ஜூலையில் சிஸ்கோ டேலோஸ் இதை வெளியிட்டது. முன்தேதியிட்ட பில் போடுகிற அதே பழைய வித்தை! ஆக, பணமும் துணிச்சலும் உள்ள கள்ளன் ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுகிறான், எடைக்கருவி செய்கிறவன் வெளியே நிற்கிறான்.

"பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு ஆயுள் 3 வருஷம், பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருஷம். கணக்குப் புத்தகத்திலேயே பொருத்தம் இல்லாத ஜோடி இது. இதற்கு நடுவில் 2026 மார்ச் 1 முதல் வழங்கும் கோட் சைனிங் சர்டிபிகேட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் 460 நாள். இயந்திரம் 15 வருஷம் ஓட வேண்டும், அதை ஓட்டும் டிரைவரைத் திருத்தும் உரிமை 460 நாளுக்கொரு முறை பணம் கேட்கும். நடுவில் உள்ள வித்தியாசத்தை இப்போது சுமப்பது இயந்திரத்தை வாங்கியவர், அதுவும் தன் பூட்டைக் கழற்றி.

முன்பு சொன்ன அந்த வித்தியாசம் இதுதான். உங்கள் எடைமேடை 2009 மாடல், அதனால் இனிமேல் முத்திரை போட மாட்டோம் என்று எந்த அதிகாரியும் சொல்வதில்லை. சரியாக எடை காட்டுகிறதா என்றுதான் பார்க்கிறார்.

பூட்டுக் கழன்ற கம்ப்யூட்டரில் எடைச் சீட்டு மட்டும் அடித்தால்கூடப் போகட்டும். சின்ன நிறுவனங்களில் ஒரே கம்ப்யூட்டர்தான். அக்டோபர் கடைசியில் கம்பெனிகளின் ஏஓசி-4 தாக்கல் நெருங்கும்போது, தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று எல்லோரும் பறக்கும்போது, டைரக்டரின் டிஎஸ்சி டோக்கனும் அதே மெஷினில்தான் சொருகப்படும். ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் மோசம், ரப்பர் பேண்டு போட்ட டோக்கன்கள் டிராயரில் வரிசையாக இருக்கும். டோக்கனுக்குள் இருக்கும் சாவியைத் திருட முடியாது என்பது உண்மை. ஆனால் கெர்னலுக்குள் உட்கார்ந்தவன் பின் நம்பரைப் பார்த்துவிட்டு, டோக்கன் சொருகியிருக்கும் நேரத்தில் தனக்கு வேண்டியதற்கும் கையெழுத்துக் கேட்கலாம். சாவியைக் கவனமாக வைத்துக்கொள்ளும் கடமை தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவில் சந்தாதாரர் தலையில்தான் இருக்கிறது. எஃப்8 அழுத்தச் சொன்ன சர்வீஸ் ஆள் தலையில் இல்லை.

லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. செக்யூர் பூட் இருந்தாலும், கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் தானே ஒரு சாவி செய்து, மெஷின் முன்னால் உட்கார்ந்து அதைப் பதிவு செய்து, தனக்கு வேண்டிய டிரைவருக்குத் தானே கையெழுத்திடலாம். பூட்டு பூட்டாகவே இருக்கும், இன்னொரு சாவி சொந்தக்காரர் கையில் இருக்கும். விண்டோஸ் 7-இன் ஆதரவை முடித்த அன்று மைக்ரோசாஃப்ட் கடைசி அப்டேட்டாக இதைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் டெஸ்ட் மோட் என்ற ஓட்டைக்குத் தேவையே இருந்திருக்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி பொது ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்காவது இதை யாராவது உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பர்சேஸ் ஆர்டர். கருவி எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லி விற்கிறார்களோ அத்தனை வருஷமும் கையெழுத்துள்ள டிரைவர் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி அதில் சேர்க்கலாம். முடிந்தவரை விண்டோஸோடு வரும் பொது டிரைவரிலேயே ஓடும் கருவியாகக் கேட்கலாம், அதற்குத் தனி டிரைவரே வேண்டாம். அரசு டெண்டர்களில் இந்த வரி வந்துவிட்டால் சின்ன வியாபாரிகளுக்கும் தானாக வந்து சேரும். டெஸ்ட் மோட் போட்டே ஆக வேண்டிய மெஷின் என்றால் அதன் நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், டோக்கனை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.