முட்டி ஜவ்வு அறுந்த பிறகு

கல்லூரியில் அவனுக்குப் பெயரே "கபடி"தான். பல்கலைக்கழக அணிக்கு ஆடப் போனபோது எங்கள் சேரியில் பேனர் வைத்தோம். அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்தில் முட்டி ஜவ்வு அறுந்தது. அணியில் இருக்கும்வரைதான் விடுதிச் சாப்பாடு இலவசம் என்றது நிர்வாகம். பெட்டியோடு ஊர் திரும்பியவன், "இனிமே அங்க நான் யாருண்ணே?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

'விளையாட்டு வீரர்' என்ற அடையாளம் மனதில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அளக்க, அமெரிக்க உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அந்த அடையாளம் உழைக்கத் தூண்டும். ஆனால் அது ஒன்றையே பிடித்து நிற்பவர் காயம்பட்டால் மனதும் சேர்ந்து விழும் ஆபத்து உண்டு என்றார்கள்.

காயம் எல்லோருக்கும் வலிக்கும். ஆனால் வசதியான வீட்டுப் பையனுக்குத் திரும்பிப் போக நிலமும் சாதிப் பெருமையும் மாமன் கடையும் இருக்கின்றன. நம் பிள்ளைக்கு? கபடி தொடாமல் ஆட முடியாத ஆட்டம். டீக்கடையில் ஒதுங்கி நிற்பவன்கூடக் களத்தில் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாக வேண்டும். அந்த மரியாதை கிடைத்த ஒரே இடம் பறிபோனால் அவன் எதைப் பிடித்து எழுவான்?

பதக்கமும் காவல் அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைச் சொல்லி அதைப் பறித்தார்கள். பின்னர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் அணி தோற்றதும் அவர் வீட்டு வாசலில் சாதி சொல்லித் திட்டினார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்த மாணவருக்கு, காயம்பட்டாலும் பட்டம் வாங்கும்வரை கட்டணச் சலுகையும் விடுதியும் தொடர வேண்டும். சிகிச்சைச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். போட்டிக்குப் போன நாட்களில் தவறிய பாடங்களை யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கிறோம்.

எங்கள் மீதும் தப்பு இருக்கிறது. பேனரில் அவன் பனியன் எண்ணைப் பெரிதாகப் போட்டோம். அவன் படிப்பது பி.ஏ. வரலாறு. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.