இணையவழிக் கல்வியின் யோக்கியதை

இணையவழியாகக் காலேஜ் படிப்பு வந்துவிட்டபடியால் இனி ஏழை பணக்காரன், மேல்சாதி கீழ்சாதி என்ற வித்தியாசமே இராது என்று பிரசாரம் செய்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

அமெரிக்காவில் சான் ஹோசே ஸ்டேட் சர்வகலாசாலையில் 2013-ம் வருஷம் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். உடாசிட்டி என்னும் கம்பெனியோடு சேர்ந்து நடத்திய கணக்கு வகுப்பில், நேரில் படித்தவர்களைவிட மிகக் குறைந்த பேர்களே தேறினார்கள். அதே வருஷக் கோடையில் மறுபடி நடத்தியபோது தேர்ச்சி ஏறிற்று. ஏன்? இந்தத் தடவை சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் முன்னமே பட்டம் வாங்கியவர்கள்! நீந்தத் தெரிந்தவனை ஆற்றில் இறக்கிவிட்டு, ஆறு நீச்சல் கற்றுக்கொடுத்தது என்பதா?

நம் நாட்டில் 2021-ல் யு.ஜி.சி. செய்த விதியோ, ஒரு பருவத்துப் பாடத்தில் 100-க்கு 40 பங்கு வரை ‘சுவயம்’ வழியாகப் படிக்கலாம் என்கிறது. கருவியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் குடும்பத்திலேயே முதலாவதாகக் காலேஜ் வாசலை மிதிக்கும் கூலிக்காரன் மகளுக்குச் சந்தேகம் தீர்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பன் வக்கீலா, அண்ணன் இஞ்சினீயரா? வாத்தியார் சம்பளத்தை மிச்சம்பிடித்துக்கொண்டு, செல்போனைக் காட்டி, “படிக்காதது உன் தலையெழுத்து” என்பது மனுதர்மமா, கல்வி தர்மமா?

காலியாயிருக்கும் வாத்தியார் உத்தியோகங்களை முதலில் நிரப்பட்டும். சுவயம் அதற்குப் பிறகு துணைக்கு வரட்டும்.