கண்ணாடிப் பெட்டிக்குக் காந்தள் ஆகாது

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து இருக்கிறது வலியசாலை. அங்குள்ள சிவன் கோவிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோவில் என்று பெயர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதானா என்பது ஆய்வாளர்கள் இன்னும் தீர்க்காத வழக்கு. பெயரில் ஒலிக்கும் காந்தளைப் பற்றி மட்டும் சர்ச்சையே இல்லை: தமிழ்நாட்டின் மாநில மலர், கிழங்கிலிருந்து விதை வரை கோல்சிசின் என்ற நஞ்சு. கண்ணாடிப் பெட்டிக்குள் இக்வானாவோ பல்லியோ வளர்ப்பவர்கள், கொடி அழகாக இருக்கிறதே என்று இதை உள்ளே நட்டுவிடக் கூடாது.

நர்சரியில் நின்று பூவையும் நிறத்தையும் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. முதலில் பார்க்க வேண்டியது பிராணியின் வாயை. பச்சை இக்வானா அக்கிரகாரத்துக்குப் பொருத்தமான சுத்த சைவம். எட்டும் இலையையெல்லாம் கடித்துப் பார்க்கும். வீட்டுக்கு வீடு தொங்கும் மணி பிளான்ட்டும் டைஃபன்பேக்கியாவும் சேம்புக்கு உறவு. சேம்பை நறுக்கினால் கை அரிப்பதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இவற்றிலும் உண்டு. அவை பிராணியின் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். அரளி இதயத்தையே நிறுத்திவிடும். செம்பருத்தி என்றால் இலையைத் தின்றாலும் பூவைத் தின்றாலும் கவலையில்லை.

பூச்சி தின்னும் பல்லிக்கு எந்தச் செடியும் ஆகும் என்று நினைப்பதும் சரியல்ல. உணவாக விடப்படும் வெட்டுக்கிளி இலையைத் தின்னும், பல்லி வெட்டுக்கிளியைத் தின்னும். நர்சரியில் அடித்த பூச்சிமருந்து இந்த வழியில் போய்ச் சேரும். வாங்கிய செடியின் பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, உரம் கலக்காத புது மண்ணில் நட்டு, சில வாரம் வெளியே வைத்துப் புதுத் தளிர் விட்ட பிறகு உள்ளே வைப்பதே பாதுகாப்பு.

அடுத்தது ஊரின் காற்று. மூடிய கண்ணாடிக்குள் பெரணி செழிக்கும் என்று 1829இல் கண்டறிந்த நதானியேல் வார்ட், கரிப்புகை சூழ்ந்த லண்டனில் இருந்த மருத்துவர். பெட்டியில் ஈரம் தங்கச் செடி வையுங்கள் என்று இன்றும் சொல்லும் மேல்நாட்டுக் கையேடுகள், குளிர்காலத்தில் ஹீட்டர் உலர்த்திய அறைகளை மனதில் வைத்தவை. திருவனந்தபுரத்தில் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவிகிதத்தை எட்டும். இங்கே பஞ்சம் காற்றோட்டத்துக்குத்தான். பெட்டியின் ஒரு பக்கமாவது கம்பிவலையாக இருக்க வேண்டும். ஈரக் காட்டுப் பல்லிகளுக்குப் பெரணி ஒத்துவரும். ஸ்லேட்டு அழிக்கச் சிறுவர்கள் பறித்த, மலையாளிகள் மஷித்தண்டு என்று சொல்லும் செடியும் விஷமற்றது. ஆஸ்திரேலிய வறண்ட நிலத்து பியர்டட் டிராகனுக்கு வேண்டியது 30, 40 சதவிகிதம். அதன் பெட்டியில் நனைந்த மண் இருந்தால் நுரையீரலில் நோய் வரும். ஹவோர்த்தியா போன்ற வறட்சிச் செடியைத் தொட்டியோடு வைத்து, தண்ணீர் ஊற்ற வெளியே எடுக்கலாம். உண்மையில், அந்தப் பிராணியை இந்த ஊருக்குக் கொண்டுவராமலிருப்பதே மேல்.

பிராணியை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதும் உண்டு. நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். எந்தச் செடியும் அதை மாற்றாது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பச்சை இக்வானாவை வைத்திருப்பவர்கள், 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு முடிந்தாலும் இக்வானா பெட்டியில் அடங்காது. வால் உட்பட ஐந்தடிக்கு மேல் வளரும். அதற்கு ஓர் அறையே வேண்டும். செம்பருத்தியும் ஒன்று போதாது. ஒரு தொட்டி உள்ளே மொட்டையாகிக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று மொட்டைமாடி வெயிலில் துளிர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.