பயிர்க் காவல் துப்பாக்கியின் நீளம்

பயிரிடுதல் பாதி வேலை. இட்ட பயிரைக் காத்து வீடு கொண்டு சேர்த்தல் மறுபாதி. திருப்பூர் ஜில்லாவின் தென்பகுதியில் இம்மறுபாதியே இந்நாளில் பெருஞ்சுமையாகி விட்டது. உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் தாலுக்காக்களில் மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு ஆனைமலைக் காடுகளிலிருந்து காட்டுப் பன்றிகள் இறங்குவது பழைய செய்தி. ஆனால் காட்டிற்கு வெகுதூரத்திலுள்ள தாராபுரம், காங்கயம், பல்லடம் பக்கங்களிலும், தரிசு நிலங்களையும் ஓடைக் கரைகளையும் அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம் புதர்களில் அவை தங்கிப் பெருகுகின்றன. நிலக்கடலை காய் பிடிக்கும் தருணத்திலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் தருணத்திலும், தென்னங்கன்று நட்ட முதல் வருஷத்திலும் ஓரிரவில் விளையும் சேதம் ஒரு போகத்தின் பலனையே அழித்து விடும்.

முன்காலத்தில் பரண் கட்டி, தகரம் தட்டி, கவண் வீசி இராக்காவல் நடந்தது. இன்று அதற்கு ஆள் கிடைப்பதில்லை. பனியன் கம்பெனிகளில் இரவு வேலைக்கும் நல்ல கூலி கிடைக்கும்போது, கடலைக் காட்டில் பனியில் விழித்திருக்க யார் வருவார்? ஆகவே துப்பாக்கி லைசென்ஸ் பெறவேண்டும் என்ற எண்ணம் குடியானவர்களிடையே வலுத்து வருகிறது. அதனுடன், குட்டையான துப்பாக்கியே கைக்கு வசதி என்றும், பின்கட்டையை மடிக்கக் கூடியதாயின் இன்னும் நல்லது என்றும், பழைய துப்பாக்கியின் குழலை அறுத்துக் கொண்டால் போதும் என்றும் சிலர் பேசிக் கொள்கின்றனர். இப்பேச்சு பெருங்கேட்டிற்கு வழி செய்யக் கூடியதாதலின், இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் அவசியமாகிறது.

சட்டம் அளப்பது எதை?

இந்தியாவில் இப்போது அமுலில் இருப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதன் 13ஆவது பிரிவு, தற்காப்பிற்கோ விளையாட்டிற்கோ வேண்டப்படும் வழவழப்பான குழலுடைய துப்பாக்கி 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடையதாயிருக்க வேண்டுமெனக் கூறுகிறது. மெய்யாகவே பயிர்க் காவலுக்கென்று கேட்பவருக்கு, வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிக்கலாம். அது போதாதென்று அதிகாரி கருதினால், மேற்கூறிய 20 அங்குலக் குழலுள்ள வேறு துப்பாக்கிக்கும் அளிக்க இடமுண்டு.

இங்கே அளவு கூறப்பட்டிருப்பது குழலுக்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியின் முழு நீளம் இவ்வளவு என்றோ, மடிக்கும் கட்டையை விரித்து அளப்பதா மடித்து அளப்பதா என்றோ இப்பிரிவில் ஒன்றும் இல்லை. பிற தேசங்களில் இதற்குத் தனி விதிகள் உண்டு. அமெரிக்காவில் 1934ஆம் வருஷத்துச் சட்டப்படி ரவைத் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்திற்கோ, முழு நீளம் 26 அங்குலத்திற்கோ குறைந்தால் அது தனிப் பதிவிற்கு உட்பட்ட ஆயுதங்களோடு சேர்க்கப்படும். மடிக்கும் கட்டையை அங்கு விரித்தே அளக்கின்றனர். கனடாவிலோ, மடித்து 660 மில்லிமீட்டருக்குக் குறைந்த நிலையிலும் சுடக் கூடிய துப்பாக்கி, தனிக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட வகையைச் சேரும். பிரிட்டனில் முழு நீளத்திற்கு 60 சென்டிமீட்டர் என்ற எல்லையை அளக்கும்போது, மடிக்கும் கட்டையையும் கழற்றும் கட்டையையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முறைகள் மூன்றாயினும் கருத்து ஒன்றே: துணிக்குள் மறைத்துக் கொண்டு போகக் கூடிய துப்பாக்கி ஊர்ப் பாதுகாப்பிற்கு ஆகாது என்பதே அது.

குழலை அறுப்பதன் தீமை

துப்பாக்கிக் குழலின் நுனி நசுங்கினாலோ வெடித்தாலோ, ஊர்க் கொல்லரிடம் கொடுத்து நாலு அங்குலம் அறுத்து விடுதல் சிறு காரியமாகத் தோன்றலாம். முப்பது அங்குலக் குழல் இருபத்தாறு ஆனாலும் சட்டத்தின் இருபதிற்கு மேல்தானே இருக்கிறது என்று சமாதானமும் சொல்லலாம். இது பெரும் பிழை. அச்சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, தகுந்த லைசென்ஸ் இன்றிக் குழலைக் குறைப்பதே குற்றம். மிஞ்சிய நீளம் எவ்வளவு என்பது கேள்வியன்று. 2019ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்திற்குக் குறைந்த பட்சத் தண்டனை ஏழு வருஷச் சிறைவாசம். ஆயுட் காலம் வரையிலும் போகலாம். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் பெற்ற தொழிலாளியே வேண்டும். ஒரு போகக் கடலையைக் காக்கப் போய்க் குடும்பத் தலைவர் ஏழு வருஷம் சிறையிலிருப்பாராயின், அந்நிலத்தின் கதி யாதாகும்?

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அறுத்த குழலால் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலான ரவைத் துப்பாக்கிகளின் குழல் வாயருகே சிறிது ஒடுங்கியிருக்கும். ரவைகள் சிதறாமல் ஒரு கூட்டமாகச் செல்வது அவ்வொடுக்கத்தினாலேயே. அதை அறுத்தெறிந்தால் ரவைகள் சீக்கிரமே பரந்து போகும். பிராணி சாவதில்லை, காயம் பட்டு ஓடுகிறது. காயம்பட்ட பன்றி அடுத்த தோட்டத்தில் களையெடுக்கும் பெண்கள்மீது பாய்வதே முடிவு. மக்காச்சோளக் காட்டிற்குள் குட்டைத் துப்பாக்கி வசதி என்பதும் பொருந்தாது. ஆளுயரப் பயிருக்குள் எதிரே இருப்பது இன்னதென்று தெரியாமல் சுடுவதே ஆகாத காரியம்.

கட்டையின் விஷயம் வேறு. குட்டையான கையுடையவருக்கு நீண்ட கட்டை தோளில் சரியாக அமையாது, குறியும் தவறும். ஆகையால் லைசென்ஸ் பெற்ற தொழிலாளியிடம் கொடுத்து மரத்தைச் சிறிது குறைத்துக் கொள்வதோ, நீளம் மாற்றக் கூடிய கட்டையை வைத்துக் கொள்வதோ நியாயமான தேவை. மரத்தைக் குறைக்கலாம், இரும்பைக் குறைக்கலாகாது என்று சுருங்கச் சொல்லலாம். ஆனால் மடித்து ஒளிக்கும் கட்டைக்குப் பயிர்க் காவலில் வேலையே இல்லை. வரப்பின்மேல் வெளிப்படையாகத் தோளில் சாத்திச் செல்லும் காவலனுக்கு எதை மறைக்க வேண்டும்?

துப்பாக்கி இருந்தாலும்

லைசென்ஸ் பெற்றதனாலேயே வனப் பிராணிகளைச் சுடும் உரிமை வந்து விடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் குற்றமில்லை என்கிறது. பயிரைக் காக்க என்று அவ்விடத்தில் சொல்லவில்லை. மயில் அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ளது. அதன்மேல் குறி வைக்கவே கூடாது. காட்டுப் பன்றியைப் பொறுத்து, 2025ஆம் வருஷம் ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒரு வழி வகுத்தது. அதன்படி காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றிற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அண்டை நாடான கேரளத்திலோ 2022ஆம் வருஷம் முதல், உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர் சுடுவதற்கு ஏற்பாடு இருக்கிறது. காடு தொலைவிலுள்ள பல்லடம், காங்கயம் பக்கங்களுக்கு இம்முறை பொருத்தமானதே. வனத்துறையினர் வந்து சேருமுன் கடலை போய்விடுகிறது. லைசென்ஸ் பெற்ற குடியானவர் உள்ளூரிலேயே இருப்பவர்.

செய்யத்தக்கவை

முதலாவது, குழலுக்குரிய 20 அங்குல எல்லையைத் தளர்த்தாமல், மடிக்கும் கட்டையுடைய துப்பாக்கியை மடித்த நிலையிலேயே அளக்க வேண்டுமென்று விதியில் தெளிவாக எழுதுதல் நலம். இதனால் உண்மையான குடியானவர் எதையும் இழக்க மாட்டார். திருட்டு வேட்டைக்காரனே இழப்பான்.

இரண்டாவது, எல்லையைக் கண்டிப்பாக வைக்கும் சர்க்கார், எல்லைக்குள் நிற்பவருக்கு லைசென்ஸைத் தாமதமின்றி அளிக்கவும் வேண்டும். போதிய சொத்தில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கலாகாது என்று 14ஆவது பிரிவு கூறுவதைக் குத்தகைக்காரர்கள் அறிந்திருத்தல் நன்று. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டிற்கும் வழி உண்டு. நேர்வழி நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால், மக்கள் அவுட்டுக்காயையும் திருட்டு மின்வேலியையும் நாடுவர். அவை பன்றியை மட்டுமின்றி மாட்டையும் மனிதனையும் கொல்வன.

மூன்றாவது, குடியானவர்கள் தாமே செய்து கொள்ளக் கூடியது. ஓடைப் புறம்போக்கிலும் தரிசிலும் உள்ள கருவேலம் புதர்களை, ஊர் கூடி, அனுமதி பெற்று, வேரோடு களைய வேண்டும். பன்றிக்குப் பகலில் படுக்க இடமில்லாமற் செய்தால், இரவில் சுட வேண்டிய தேவை பெரிதும் குறையும். துப்பாக்கி கடைசி உபாயமே. அக்கடைசி உபாயத்தை வைத்திருப்போர், லைசென்ஸ் காலாவதியாகுமுன் புதுப்பித்து, குழலில் அரம் படாமல் பாதுகாத்து வருவாராக.